நிகர எடை

காவேரிப்பட்டணம் தாண்டி கூழ் ஆலை.
ராத்திரி ஷிப்ட். எடைமேடையில்
வேப்பனப்பள்ளி லாரி ஏறி நிற்கிறது.
பதினான்காயிரத்து இருநூற்று எண்பது.
உள்ளே மூக்கு வளைந்த பெங்களூரா, மேலே தார்ப்பாய்,
தார்ப்பாயின் மேல் தூங்கும் டிரைவர் மகன்.
அவனை இறக்க வேண்டும்.
இல்லாவிட்டால் அவனையும் சேர்த்து
மாங்காய் விலைக்கு வாங்கிவிடுவோம்.
இறங்கினான். இருநூற்று நாற்பது.

போன சீசனில் இந்த நேரத்துக்குத்தான்
ஆய்வக ஜன்னலிலிருந்து அந்தப் பாட்டு வரும்.
ஒரு பெண் குரல்.
பாடுகிறாளா, பக்கத்து வீட்டில்
கடன் கேட்டுத் தயங்குகிறாளா தெரியாது.
அடிக்கொரு தரம் 'மாங்க்' என்று
மூக்கில் நிறுத்துவாள்.
மாங்காய் என்றே நினைத்தேன்.
ஆனி மாதம் இந்த ஊரில் வேறென்ன நினைப்பது?
கிளிமூக்கு மாங்காயைக்
கிளிமூக்காலேயே பாடுகிறாள் என்றேன்.
சவரிநாதன் சிரித்த சிரிப்பில்
பிரிக்ஸ் மீட்டரில் வைத்த சொட்டு
அவன் சட்டையில் விழுந்தது.

எலத்தகிரிக்காரன்.
இனிப்பை அளப்பது அவன் வேலை.
பதினான்கு இருந்தால் கையெழுத்து,
பதின்மூன்றரைக்கு உதட்டைப் பிதுக்குவான்.
வெளிநாடு போகவென்று செல்போனில் பிரெஞ்சு படித்தான்.
பாட்டை நிறுத்தி நிறுத்தி எனக்குச் சொன்னான்:
அவள் மாடிப்படி ஏறுகிறாள்.
அவனுடைய செருப்புச் சத்தம் ஒரு மாடி மேலே.
ஓடிப் பிடிப்பதற்குள் விளக்கு அணைகிறது.
ஏன் அணைகிறது, கரண்ட் கட்டா என்றேன்.
அங்கே படிக்கட்டு விளக்கு
தானாகவே அணையுமாம்.
அடுத்த சரணத்திலும் அதே படி, அதே செருப்பு.
கடைசி வரை முகமே காட்டாத ஒருவனுக்கு
இத்தனை படியா என்று
எனக்குக் கால் வலித்தது.

'மாங்க்' என்றால்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான்:
"நீ இல்லாமல் நான் தவிக்கிறேன் என்பதை
அவர்கள் திருப்பிப் போடுவார்கள்.
நீ எனக்குக் குறைகிறாய்."

இதில் என்ன திருப்பல்?
எனக்குப் பசிக்கிறது. எனக்கு வலிக்கிறது.
எனக்கு எண்பது கிலோ குறைகிறது.
நாள் முழுக்க இந்த மேடையில்
பிரெஞ்சில்தான் பேசிக்கொண்டிருக்கிறேனா?

ஆனால் அதைச் சொன்னபோது
அவன் பார்த்தது என்னையா,
என் தலைக்கு மேலே சிவப்பில் எரியும்
எண்பலகையையா?
ஒரு வருஷமாக இதையே கூட்டிக் கழிக்கிறேன்.

ஆடிப்பெருக்கு முடிந்ததும் லாரிகள் நின்றன.
கணக்கு முடித்த அன்று
அவன் பைக் கேட்டைத் தாண்டுவதை
கேமராத் திரையில் பார்த்தேன்.
கறுப்பு வெள்ளையில், முதுகு மட்டும்.

இந்த சீசனில் ஆய்வகத்துக்கு
ஊத்தங்கரைப் பையன் வந்திருக்கிறான்.
பாட்டே கேட்பதில்லை. கொட்டாவி விடுகிறான்.
அந்தப் பாட்டை நானே தேடினேன்.
'மாங்க்' என்று அடித்தால்
ஊறுகாய் போடச் சொல்லிக்கொடுக்கிறது போன்.
இரண்டு வீடியோ பார்த்தேன்.
வெந்தயம் கருகாமல் வறுக்க வேண்டுமாம்.

மூன்றரை மணி. காலி லாரி திரும்பி ஏறுகிறது.
ஐயாயிரத்து எண்ணூற்று எண்பது.
டிரைவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
"எப்பவும் எண்ணூத்தி நாப்பதுதானே மேடம்?
எனக்கு நாப்பது கிலோ குறையுதே."

அவருக்குமா?

டார்ச் எடுத்துப் போய்ப் பின்பலகை மேல் எட்டிப் பார்த்தேன்.
நசுங்கிய இலைகள், பால் காய்ந்த வைக்கோல்,
சுருட்டிய தார்ப்பாயில் தலை வைத்து
மறுபடியும் அவன்.

"பையனை எழுப்புங்க" என்றேன்.

அவருடைய குறை எழுந்து உட்கார்ந்து
கண்ணைக் கசக்கி
தண்ணீர் கேட்டது.